ஆடி மாதத்தில் பெயர் மாற்றாத சர்வர்

போன வாரம் கிரைண்டரிலிருந்து இட்லி மாவை வழித்துக்கொண்டிருந்தபோது அலைபேசியில் ஒரு செய்தி வந்தது. நான் வேலை பார்த்த நூற்பாலையின் கணினிப் பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள் அனுப்பியது. “மேடம், சர்வர் எல்லாம் கிளவுடுக்குப் போகுது. ரிவர்ஸ் லுக்கப் ஜோன் இனிமே யாருக்கும் தேவைப்படாதுன்னு நினைக்கிறோம். மொத்தமா அழிச்சிரலாமா?”

மாவுக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் அப்படி உட்கார்ந்தால் சொந்தத்தில் யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் அர்த்தம். என் கணவர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. ரிவர்ஸ் ஜோனை அழிக்கப் போறாவளாம்.”

“இதுக்கா இந்தப் பாடு? நான் எங்க அக்காளுக்குத்தான் என்னமோன்னு பதறிட்டேன்.” பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். முடியவில்லை. போன வருஷம் ஆடியில் நடந்தது அப்படி. அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கணினிகளுக்கு எண்தான் முகவரி. மனிதர்களுக்கு எண் நினைவில் நிற்காது என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கிறோம். பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்வதற்கு ஒரு சர்வர் இருக்கிறது, அதுதான் டி.என்.எஸ். எண்ணைக் கொடுத்து “இது யாரு?” என்று கேட்டால் பெயரைச் சொல்வது அதற்கு நேர் எதிரான வேலை. அதுதான் ரிவர்ஸ் லுக்கப். அந்தப் பதில்களை எழுதி வைக்கும் ஏடுதான் ரிவர்ஸ் ஜோன். இரண்டும் தனித்தனியாக எழுதி வைக்கப்படுபவை. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. புது வீட்டுக்குக் குடி போய் வருஷக்கணக்கான பிறகும் கரண்ட் பில் முன்பு இருந்தவர் பெயரிலேயே வருகிறதல்லவா, அதே கதைதான்.

எங்கள் ஆலைக்குள் புழங்கிய எண்கள் உள்வீட்டு எண்கள். வெளியுலகத்துக்கு அவை யாருடையவை என்று தெரியாது. எங்கள் சர்வர் பதில் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

நான் கணிதம் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். அங்கே படித்ததைவிட, அங்கே கெட்டுப்போன கணினிகளைச் சரிசெய்ததில் கற்றது அதிகம். பிறகு சங்கரன்கோவிலிலேயே இந்த ஆலையில் வேலை கிடைத்தது. வாசுதேவநல்லூரில் ஆலைக்குச் சரக்கு வைக்கும் ஒரு கிட்டங்கி, திருவேங்கடத்தில் பருத்தி வாங்கும் நிலையம். எல்லாம் ஒரே வலையில். அதைக் கவனிக்க இரண்டே பேர். நானும் எனக்கு மேலதிகாரி ஆவுடையப்பன் சாரும்.

ஆவுடையப்பன் சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பையில் எப்போதும் ஒரு மெல்லிய துணி. திரையைத் துடைத்துவிட்டுத்தான் எந்தக் கேள்வியையும் கேட்பார். திரை சுத்தமாக இருந்தாலும் துடைப்பார். அவருக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்று நாங்கள் புரிந்துகொள்வோம். நான் எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்.

“வடிவும்மா, போயிட்டு வந்தாச்சா?”

பெயரைக் கேட்டு எண் வாங்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டுப் பெயர் வாங்க வேண்டும். புறப்பட்ட பெயருக்கே திரும்பி வந்தால் சரி. வேறு பெயர் வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ, நோய் அங்கேதான். “போன பிள்ள வீடு திரும்பணும்லா?” என்பார். அதைச் செய்யாமல் அவர் மேஜை பக்கம் போனால் துணியை எடுத்துத் திரையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நாம் திரும்பி வந்து செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

வாசுதேவநல்லூர் கிட்டங்கிக் கணினியில் ஒருமுறை உள்நுழையவே நேரம் ஆனது. கடவுச்சொல்லைப் போட்டால் திரை அப்படியே நிற்கும். நிற்கும், நிற்கும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல உள்ளே விடும். கேபிளில் மயில் உட்காருகிறது என்றார்கள். மலையில் மழை என்றார்கள். கேபிளை மாற்றினோம். மயில் இல்லாத நாளிலும் அப்படியே இருந்தது. நான் புளியங்குடி வழி பஸ்ஸில் போய் இறங்கினேன். கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சிக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

“மேடம், காலைல பாஸ்வேர்டு போட்டுட்டு நான் போயி பல்லு விளக்கிட்டு வாரேன். அதுவும் அப்பத்தான் வருது. ரெண்டு பேருக்கும் சரியா இருக்கு.”

“லாரிக்காரங்க வெளிய ஹாரன் அடிக்காங்களே அண்ணாச்சி?”

“அவிய பல்லு விளக்கிட்டுல்லா வாராவ. அதான் அவசரம்.”

ஆவுடையப்பன் சாருக்கு போன் போட்டேன். “போயிட்டு வந்தாச்சா?” என்றார். போனேன். பெயரைக் கேட்டால் எண் உடனே வந்தது. எண்ணைக் கேட்டால் திரும்பி வரவில்லை. கிட்டங்கிக்குப் புதிதாகக் கொடுத்த எண்களுக்கு ரிவர்ஸ் ஜோன் எழுதப்படவே இல்லை. உள்ளே விடுவதற்கு முன்னால் “வந்திருப்பது யாரு?” என்று தலைமை அலுவலக சர்வர் கேட்கிறது. எங்களிடம் பதில் இல்லாததால் கேள்வி வெளியே போகிறது. வெளியே யாருக்கும் தெரியாது. காத்திருந்து காத்திருந்து சலித்துப்போய், யாராக இருந்தால் என்ன என்று உள்ளே விட்டுவிடுகிறது. சார் ஜோனை எழுதியதும் சிட்டாகத் திறந்தது. அண்ணாச்சிக்குத்தான் வருத்தம். “இனிமே வீட்லயே பல்லு விளக்கிட்டு வரணும்” என்றார்.

இந்த ஒன்றை அந்தப் பிள்ளைகள் நினைவில் வைத்தால் போதும், பாதிக் கட்டுரை முடிந்தது.

மீதிப் பாதிக்கு வருகிறேன். ஆவுடையப்பன் சாருக்கு ஒரு விதி இருந்தது. ஆடி மாதம் எந்த எந்திரத்துக்கும் பெயர் வைக்க மாட்டார். ஆலையில் பொதுவாகவே ஆடியில் புதிதாக எதுவும் தொடங்குவதில்லை. பெரிய முதலாளி போட்ட வழக்கம் அது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை நிரந்தர உத்தரவுகூட ஆவணியில்தான் கொடுப்பார்கள். ஆனால் அதை டி.என்.எஸ். வரைக்கும் கொண்டுபோனவர் ஆவுடையப்பன் சார் ஒருவர்தான். ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் சர்வர் அறையில் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, காத்திருக்கும் பெயர்களை வரிசையாக எழுதுவார். ஒரு வருஷம் குங்குமம் சர்வரின் காற்றாடிக்குள் விழுந்து அறை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. “நல்ல சகுனம்” என்றார்.

“சார், பேரிலிருந்து எண் தேடுற பக்கம் ஆடியிலயும் தானா மாறுதே?” என்று ஒருமுறை கேட்டேன்.

திரையைத் துடைத்தார். “அது தானா நடக்கு வடிவும்மா. நாம தொடங்கலயே. ரிவர்ஸ் ஜோன் நான் கைப்பட எழுதுறது. பிள்ளைக்குப் பேரு வைக்கது மாதிரி. அத ஆடியில செய்யலாமா?”

வாதாட முடியாது. அவர் எழுதியதில் அதுவரை ஒரு பிழையும் வந்ததில்லை. மேலும் அந்த ஜோனைத் திறக்கும் கடவுச்சொல் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

என் மகள் கோமதி பி.காம். முடித்துவிட்டு அதே ஆலையில் கணக்குப் பிரிவில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்திருந்தாள். ஆவணியில் நிரந்தரம் ஆக வேண்டும். அவளுக்கு அது வேலை. எனக்கு அது தினமும் அவளைக் கண் எதிரே வைத்துக்கொள்ளும் வசதி. நான் கொஞ்சம் பயந்த பிறவி. பிள்ளை பஸ் ஏறினால் இறங்கும் வரை எனக்குத் தண்ணீர் இறங்காது.

அந்த ஆடியில் அலுவலகத்துக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. ஆடியில் தொடங்கக் கூடாது என்பதால் ஆனி கடைசி நாளிலேயே ஒரு சுவரில் பிரஷ்ஷைத் தொட்டு வைத்துவிட்டார்கள். எம்.டி.க்கு இடம் வேண்டும் என்று கணக்குப் பிரிவை மாடிக்கு அனுப்பினார்கள். எம்.டி.யின் அறையில் பெயின்ட் வாசனை என்பதால், அவரைத் தற்காலிகமாகக் கீழே, கணக்குப் பிரிவு காலி செய்த அறையில் உட்கார வைத்தார்கள். ஜன்னலோரம், ஏ.சி.க்குப் பக்கத்தில். அதுவரை கோமதி உட்கார்ந்திருந்த இடம்.

எங்கள் ஆலையில் எண் சுவருக்குச் சொந்தம். எந்தத் துளையில் கேபிளைச் செருகுகிறீர்களோ அந்தத் துளைக்குரிய எண் உங்கள் எந்திரத்துக்கு வரும். பெயர் மட்டும் எந்திரத்தோடு போகும். ஆக, கோமதி மாடிக்குப் போனாள், அவள் எந்திரம் மாடி எண்ணை வாங்கிக்கொண்டது. கீழே அவள் விட்டுப்போன எண்ணில் இப்போது எம்.டி. இருந்தார். ரிவர்ஸ் ஜோனில்? ஆடி மாதம். அந்த எண் இன்னும் கோமதிதான்.

எம்.டி. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். காகிதச் சிக்கனம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தார். யார் எவ்வளவு அச்சிட்டார்கள் என்று பிரிண்ட் சர்வர் அவருக்கு ஒரு பட்டியல் காட்டும். எண்ணெல்லாம் வேண்டாம், ஆள் பெயர் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். அது ஒவ்வொரு எண்ணையும் ரிவர்ஸ் ஜோனில் கேட்டுப் பெயராக மாற்றிக் காட்டும்.

ஒரு நாள் திருப்பூரிலிருந்து நூல் வாங்குபவர்கள் வந்திருந்தார்கள். எம்.டி. அவர்களை எதிரே உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்கென்றே பக்கத்தில் ஒரு தனி பிரிண்டர். அதில் காகிதம் தீர்ந்திருந்தது. யாரோ வந்து நிரப்பிவிட்டுப் போனார்கள். நிரப்பியதும் அது தானாக ஓட ஆரம்பித்தது. ஓடியது, ஓடியது, தட்டு நிறைந்து தாள் தரையில் விழுகிற வரை ஓடியது. வந்தவர்களில் ஒருவர் ஒரு தாளைக் குனிந்து எடுத்து வாய்விட்டுப் படித்துவிட்டார்.

“காணவில்லை. பெயர்: துவரம் பருப்பு. நிறம்: மஞ்சள். கடைசியாகப் பார்த்த இடம்: நம் ஆலைக் கேன்டீன் சாம்பார். பார்த்த நாள்: தைப் பொங்கல். கண்டுபிடித்துத் தருவோருக்கு ஒரு வாளி வெந்நீர் சன்மானமாக வழங்கப்படும். அந்த வெந்நீரைத்தான் தற்போது சாம்பார் என்று ஊற்றுகிறார்கள்.”

கேன்டீன் குத்தகை எம்.டி.யின் மச்சானுடையது. திருப்பூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்கள். எம்.டி. சிரிக்கவில்லை. பட்டியலைத் திறந்து பார்த்தார். அனுப்பியது: கணக்கு, கோமதி. தாள்கள் ஒரு கட்டு.

எனக்கு முதலில் வந்தது கோமதியின் போன்தான். மாடிப்படியில் நின்று அழுதுகொண்டே பேசினாள்.

“யம்மா, நான் எழுதலம்மா. அவரு நம்ப மாட்டேங்காரு. சஸ்பெண்டு பண்ணப் போறேங்காரு.”

“ஏட்டி, நெசமாச் சொல்லு. வெளயாட்டுக்குக்கூட எழுதலியே?”

“நான் கேன்டீன்ல சாப்பிடவே இல்லியே! நீ கட்டிக் குடுக்க டப்பால்ல சாப்பிடுதேன். நான் சாம்பாரப் பத்தி எழுதணும்னா உன் சாம்பாரப் பத்தில்லா எழுதணும்.”

அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சாட்சிக்கு அது நல்ல சாட்சி.

போனை வைப்பதற்குள் மேலநீலிதநல்லூரிலிருந்து என் நாத்தனார் கூப்பிட்டாள். சங்கரன்கோவிலில் நடப்பது அந்த ஊருக்கு எப்படி எங்களுக்கு முன்னால் போகிறது என்பதை எந்த நெட்வொர்க் படிப்பிலும் சொல்லித் தரவில்லை.

“ஏன் மதினி, கோமதியப் போலீஸ் புடிச்சிட்டாமே?”

“போலீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரு சொன்னா?”

“பஸ்ஸுல பேசிக்கிட்டாவ. பருப்பு களவாண்டுட்டாளாம். எத்தன மூட்டையாம்?”

போனை அணைத்துவிட்டு சர்வர் அறைக்கு ஓடினேன்.

ஆவுடையப்பன் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் துணியை எடுக்கவில்லை.

“போயிட்டு வந்தாச்சா?” என்றார், மெதுவாக.

அவர் முன்னாலேயே செய்தேன். பிரிண்ட் சர்வரில் அந்த வேலை வந்த எண்ணை எடுத்தேன். அந்த எண்ணைக் கேட்டால் கோமதி என்றது. கோமதியைக் கேட்டால் மாடி எண்ணைச் சொன்னது. புறப்பட்ட எண் ஒன்று, வந்து சேர்ந்த எண் வேறு. பிள்ளை வீடு திரும்பவில்லை. அப்படியென்றால் அந்தப் பழைய எண்ணில் இப்போது இருக்கும் எந்திரம் எது? அதையும் பார்த்தோம். திரையில் எம்.டி.யின் எந்திரம் வந்து நின்றது.

நான் எழுந்து போய் சர்வர் அறைக் கதவைச் சாத்தினேன்.

“சார், அந்தத் தாள் எல்லாம் எம்.டி.யோட சொந்த பிரிண்டர்ல வந்துச்சு. அந்த பிரிண்டருக்கு அனுப்ப முடியுறது அவரு எந்திரம் ஒண்ணுதான். மாடியில இருக்க பிள்ள எதுக்கு அங்க போயி அடிக்கா?”

“வடிவும்மா, சத்தம் போடாதிய.”

“இப்பவே ரிவர்ஸ் ஜோனை மாத்துங்க சார். அப்புறம் பட்டியல அவரே மறுபடி பாக்கட்டும்.”

அப்போதுதான் துணி வெளியே வந்தது. நெடுநேரம் துடைத்தார். “கோயில்ல ஆடித் தபசுத் திருவிழா நேரம். பேரு மாத்தக் கூடாதும்மா.”

எனக்கு வாழ்க்கையில் யார் மேலும் அவ்வளவு கோபம் வந்ததில்லை. “உங்க மகளா இருந்தா மாத்துவியளா, மாட்டியளா?”

“என் மகளா இருந்தாலும் மாத்த மாட்டேன். ஆனா கேளுங்க. நாம இப்ப மாத்துனா, கோமதிக்காக அம்மாக்காரி எழுதிப்புட்டான்னு சொல்லுவாரு. ஒங்க சொல்லு எடுபடாது. நான் போயி, இது என் ரிக்கார்டுல உள்ள தப்பு, அடிச்சது ஒங்க எந்திரம்னு சொன்னா, என் வேல போவும். அதனால நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

“பின்னே?”

“அவரையே கேக்க வைப்போம்.” துணியை மடித்துப் பையில் வைத்தார். “எம்.டி. அந்த சஸ்பென்ஷன் உத்தரவ எங்கன வச்சு அடிப்பாரு?”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் விதியை அவர் உடைக்கவில்லை. அதே விதியைத் தூக்கிக்கொண்டு எம்.டி. முன்னால் வரப் போகிறார்.

எம்.டி. எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். கோமதி ஏற்கெனவே அவர் மேஜைக்கு முன்னால் கை கட்டி நின்றுகொண்டிருந்தாள். துப்பட்டா நுனி ஈரமாக இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கையைப் பிடிக்கக்கூட எனக்குப் பயம். அதையும் சாட்சியாக எடுத்துக்கொள்வார் என்று.

“மேடம், நீங்க அம்மா. உங்ககிட்ட நான் எதுவும் கேட்கப் போறதில்ல” என்றார். “டெக்னாலஜி சொல்லுது. லாக்ல பேர் இருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம்?”

“சரிங்க சார்” என்றேன்.

உத்தரவைத் தட்டச்சு செய்து முடித்திருந்தார். பிரிண்ட் பொத்தானை அழுத்தினார். பக்கத்து பிரிண்டர் முனகி ஒரு தாளை வெளியே தள்ளியது. அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அப்போது ஆவுடையப்பன் சார் ஒரு அடி முன்னால் வந்து, துணியை எடுத்து, எம்.டி.யின் திரையை மெதுவாகத் துடைத்தார். “சார், ஒரு சின்ன விஷயம். ஃபைல்ல போடணும்லா? இந்த உத்தரவ யாரு அடிச்சான்னும் பட்டியல்ல வந்திருக்கும். அதையும் ஒரு காப்பி எடுத்து வச்சிருவோம்.”

எம்.டி.க்கு எதையும் முறைப்படி செய்வது பிடிக்கும். பட்டியலைப் புதுப்பித்தார். கடைசி வரி: பணி நீக்கம், தற்காலிகம். அனுப்பியது: கணக்கு, கோமதி.

எம்.டி. திரையைப் பார்த்தார். கோமதியைப் பார்த்தார். கோமதியின் இரண்டு கையும் வெறுங்கையாக, கட்டியபடியே இருந்தன.

மறுபடி பிரிண்ட் அழுத்தினார். இன்னொரு தாள். கோமதி. வேறு ஏதோ ஒரு கடிதத்தைத் திறந்து அழுத்தினார். கோமதி. ஒரு வெறும் பக்கத்தை அடித்தார். அதுவும் கோமதி.

“சார்” என்றாள் கோமதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “என்ன நானே சஸ்பெண்டு பண்ணிக்கிட்டேனா சார்?”

ஆவுடையப்பன் சார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எம்.டி. புத்திசாலி. மெல்ல மெல்ல அவர் முகத்தில் அது ஏறுவதைப் பார்த்தேன். இந்த இடத்தில் உட்கார்ந்து யார் எதை அடித்தாலும் கோமதி. அப்படியானால் பருப்புத் தாளும் இந்த இடத்திலிருந்துதான். இந்த எந்திரத்தில் உட்காருவது அவர் ஒருவர்தான். அவர் எழுதவில்லை. அவர் தவிர...

கதவு திறந்தது. பெரிய முதலாளி. எம்.டி.யின் அப்பா. எண்பதைத் தொடும் வயது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தினமும் மத்தியானம் தொழிலாளிகளோடு வரிசையில் நின்று கேன்டீனில் சாப்பிடுவது அவர் வழக்கம்.

“ஏலே, என் கண்ணாடிய இங்கன மேஜையில விட்டுட்டுப் போயிட்டேன். பாத்தியா?”

எம்.டி. எழுந்து நின்றார். “அப்பா, நீங்க எப்ப இங்க உக்காந்தீங்க?”

“நேத்து நீ சாப்பிடப் போனப்ப. எதுக்குக் கேக்க?”

“இதை எழுதுனது...” தாளைத் தூக்கிக் காட்டினார்.

பெரியவர் கண்ணாடி இல்லாமலே கையை நீட்டித் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “வந்துட்டா? நான் அமுக்கி அமுக்கிப் பாத்தேன், வரவே இல்ல. ஒத்த விரலால தட்டி எழுதுனது. ஒரு மாசமா ஒங்கிட்ட சொல்லுதேன், ஒன் மச்சான் சாம்பார்ல பருப்பே போடலன்னு. ‘பாக்கலாம்ப்பா, பாக்கலாம்ப்பா’ங்க. சொன்னா கேக்க மாட்டேங்க, எழுதி ஒன் மேஜையில வச்சாவது படிப்பியேன்னு பாத்தேன். படிச்சியா?”

“திருப்பூர் பார்ட்டி படிச்சாங்கப்பா.”

“அவியளும் இங்கதான் சாப்டாவ. அவியளுக்கும் தெரியணும்லா.” பிறகுதான் எங்களைப் பார்த்தார். “இந்தப் பிள்ள எதுக்கு அழுதா?”

எம்.டி. உத்தரவைக் கிழித்தார். அடித்த தாள்கள் எல்லாவற்றையும், அந்த வெறும் பக்கத்தையும் சேர்த்துக் கிழித்தார். பிறகு ஆவுடையப்பன் சாரிடம் திரும்பி, “என் எண்ணுக்கு ஏன் இவங்க பேர் வருது?” என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்திருந்தேன். ஆவுடையப்பன் சார் நிமிர்ந்து நின்றார். “ஆடி மாசம் சார். பேரு மாத்தல.”

எம்.டி. வாயைத் திறந்தார். அதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார். “மாத்தாதது சரிதான வே. ஆடியில எவன் பேரு வைப்பான்?”

எம்.டி. வாயை மூடிக்கொண்டார். அந்த ஆலையில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வெளியே வந்து மாடிப்படிக்குக் கீழே நின்றுதான் நான் கோமதியைக் கட்டிக்கொண்டேன். ஆவுடையப்பன் சார் கொஞ்சம் தள்ளி நின்று தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே துணியால்தான். ஆனால் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

மறுநாள் சாம்பாரில் பருப்பு இருந்தது. ஆவணி பிறந்ததும் சூடம் காட்டி எலுமிச்சம்பழம் வைத்து முதலில் எழுதிய பெயர் எம்.டி.யுடையது. இரண்டாவது, மாடி எண்ணில் கோமதி. அவளுக்கு நிரந்தர உத்தரவும் வந்தது. அதை எம்.டி. அடித்தபோது பட்டியலில் யார் பெயர் வந்தது என்று நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எம்.டி. பெயர்தான். மறுநாளும் போய்ப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. எந்தப் பட்டியலில் எந்தப் பெயரைப் பார்த்தாலும் நெஞ்சு படபடக்கும். மருத்துவர் ரத்த அழுத்தம் என்றார். பங்குனியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். கோமதியும் நல்ல வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். ஆவுடையப்பன் சார் எனக்கு முன்பே ஓய்வுபெற்று, கடவுச்சொல்லை எம்.டி.யிடம் ஒப்படைத்துவிட்டார். தை பிறந்த பிறகுதான்.

பிள்ளைகளே, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். ஜோனை அழிக்காதீர்கள். உள்ளே இருக்கும் பழைய பெயர்களை எடுத்துவிட்டு, வெறும் ஜோனாகவாவது நிற்கட்டும், ‘தெரியாது’ என்றாவது அது உடனே சொல்லும். ‘இது யாரு’ என்ற கேள்வி வெளியே போய்த் திகைத்து நிற்க விடாதீர்கள். வாசுதேவநல்லூரில் மறுபடி எல்லோரும் பல் விளக்கப் போய்விடுவார்கள். எந்த எந்திரத்தை எங்கே நகர்த்தினாலும் அன்றைக்கே இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஆடி, மார்கழி பார்க்க வேண்டாம். பெரிய முதலாளி கேட்டால் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அலைபேசி அடித்தது. திரையில் கோமதி என்று வந்தது. எடுத்தேன்.

“யம்மா, சாப்டியா?”

“யாரு பேசுதது?”

“நான்தாம்மா. கோமதி. பேரு வரலியா?”

“பேரு வருது. வையி, நான் கூப்பிடுதேன்.”

அணைத்துவிட்டு, அவள் எண்ணை நானே போட்டுக் கூப்பிட்டேன். அவள்தான் எடுத்தாள்.

“இப்ப நிம்மதியாம்மா?”

“ம். சொல்லு. என்ன சாப்ட்ட?”

“ஹாஸ்டல்ல சாம்பார் சாதம்மா.” கொஞ்சம் நிறுத்தினாள். “பருப்பு இருக்கும்மா. பாத்துட்டேன்.”